பட்டியலில் இல்லாத வரி

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்னுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.2 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய் என்பது கணக்கு. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டிருந்ததைச் செய்தித்தாளில் படித்தபோது, அந்த இரண்டாவது கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று நான் நினைத்திருக்கவில்லை.

அன்றிரவே நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எட்டு வரிகள் எழுதினேன். காலை ஐந்து மணிக்கு நடை, காபியில் சர்க்கரை கூடாது, இரவில் சிறுதானியம், நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், யோகாசனம் என்று அது நீண்டது. மறுநாளே வரகு, சாமை, குதிரைவாலி மூன்றும் வாங்கி வந்தேன். எட்டையும் ஒரே நாளில் தொடங்கி, ஒன்பதாம் நாளில் எட்டையும் ஒன்றாகவே கைவிட்டேன். நள்ளிரவில் படுத்து ஐந்து மணிக்கு எழுந்த ஓர் உடம்பு, காலை பதினோரு மணிக்கு ஆசிரியர் அறையில் உளுந்து வடையைக் கண்டால் என்ன செய்யுமோ அதைத்தான் என் உடம்பும் செய்தது.

மருத்துவரிடம் அந்தத் தாளை நீட்டியபோது அவர் அதை முழுவதும் படித்துவிட்டு, “இரவில் எத்தனை மணிக்கம்மா படுக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். எட்டு வரிகளில் உறக்கத்துக்கு ஒரு வரிகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அதன்பின் தேடிப் படித்தவற்றில் இரண்டு ஆய்வுகள் என் மனத்தில் நின்றன. 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், உடல்நலமுள்ள பதினோரு இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுச் சோதித்தபோது, ரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கையாளும் அவர்களுடைய திறன் வெளிப்படையாகக் குறைந்திருந்தது. 2004-இல் அதே குழுவினர் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டே இரவுகள் அவ்வாறு வைத்துப் பார்த்தார்கள். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. இனிப்பும் உப்பும் மாவுப்பண்டமும் அவர்களை அதிகம் ஈர்த்தன. நான் மன உறுதியின்மை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு உறக்கக் குறைவு என்று தெரிந்தபோது ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு, பத்தரை மணிக்குப் படுப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாலை ஆறு மணிக் காபியை மூன்று மணிக்கு மாற்றினேன். உள்ளே போன காஃபீனில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கைப்பேசியைக் கூடத்திலேயே மின்னேற்றத்தில் போட்டுவிட்டுப் படுக்கச் சென்றேன். இவை எளியவை. கடினமானது அடுப்படி. ஒன்பதரைக்கு வருகிற கணவருக்குச் சூடாகத் தோசை வார்த்து, பாத்திரம் துலக்கி, மறுநாளைக்கு அரிந்து வைத்து முடிக்கையில் பன்னிரண்டு ஆகிவிடும். அவர் தாமே எடுத்துப் போட்டுச் சாப்பிடுவது என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வர ஏழு வாரங்களும் சில மனத்தாங்கல்களும் தேவைப்பட்டன. நலவாழ்வுக் குறிப்புகளை எழுதுகிறவர்கள் “எட்டு மணி நேரம் உறங்குங்கள்” என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் உறக்க நேரத்தை அவள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது அந்த வரியில் இடம்பெறுவதில்லை.

உறக்கம் சீரானதும் இரண்டாவதாக நடையைச் சேர்த்தேன். விடியற்காலையில் அல்ல, இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதும், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள உத்திர வீதியில் பதினைந்து நிமிடம். இயங்குகிற தசை, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சோறு செரித்துச் சர்க்கரை ஏறுகிற அந்த நேரத்தில் நடப்பதன் பயன் அதுதான். பத்தாயிரம் அடி என்ற கணக்கை நான் வைத்துக்கொள்ளவில்லை. அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண்.

மூன்றாவதாகத் தட்டு. பொரியலையும் கூட்டையும் முதலில் உண்டுவிட்டுப் பிறகு சோற்றைத் தொடுவது என்று வைத்துக்கொண்டதும் சோற்றின் அளவு தானாகக் குறைந்தது. சிறுதானியங்களில் நார்ச்சத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அவையும் மாவுச்சத்தே, சிறுதானியத் தோசை என்பதற்காக ஐந்து தின்றால் கணக்கு பழையபடிதான். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கைப்பிடிக்காமல் எழுந்து அமரும் தசைப் பயிற்சி நான்காவதாக வந்து சேர்ந்தது.

ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மாதம் விட்டேன். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று சொல்வார்கள். லண்டனில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில் சராசரியாக 66 நாட்கள் ஆயின, ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது.

இதே வரிசை எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். என் தாய்மாமா நாள்தோறும் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு, அதே திண்ணையில் அமர்ந்து பீடி பற்றவைப்பவர். அவருக்கு முதல் வரி எது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. எனக்கு எது அடுத்ததை எளிதாக்கியதோ அது முன்னால் வந்தது, அவ்வளவே.

உணவும் உடலுழைப்பும் மட்டுமே பயன் தருமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், முந்தைய நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அவை நோய் வரும் அபாயத்தை 28.5 விழுக்காடு குறைத்திருந்தன. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்ததோ 26.4 விழுக்காடு. பங்குனியில் மீண்டும் சோதித்தபோது என்னுடைய அளவு 5.8. இன்னும் முந்தைய நிலைதான்.

நாட்காட்டித் தாள் இன்னும் அலமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. காபியில் சர்க்கரை ஒரு கரண்டி இன்னும் போகிறது. அதற்கு ஆறாவது இடம் கொடுத்திருக்கிறேன், ஐந்தாவதை இன்னும் தொடங்கவில்லை.