நீலமா, சிவப்பா

வெண்டோவருக்கு நான் போனதில்லை, போகப்போவதும் இல்லை. ஆனாலும் ஊட்டா, நெவாடா எல்லையில் உப்புப் பாலைவனத்தின் ஓரமாகக் கிடக்கும் அந்த ஊரைச் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்தபடி மூன்று இரவு இஞ்ச் இஞ்சாகப் பார்த்திருக்கிறேன். மேப் வேலை. சாலையோரத்து நினைவுக் கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை, இரண்டு வரி விவரம், வகைக்கேற்ற நிறத்தில் ஒரு பின்.

தொலைபேசிக் கல்லில் ஒரு தொல்லையும் இல்லை. 1914-இல் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த கம்பிகள் சேர்ந்த இடம். 'தகவல் தொடர்பு', அடுத்தது. விமானதளத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

அமெரிக்க ராணுவ விமானப்படையின் 509-ஆவது கூட்டுப் படைப்பிரிவு 1944 டிசம்பரில் அங்கேதான் உருவானது. தலைவர் கர்னல் பால் டிபெட்ஸ். பி-29 விமானங்களில் போலிக் குண்டுகளை ஏற்றிப் போட்டுப் பழகினார்கள். எதற்காகப் பழகுகிறோம் என்பது அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. குண்டு பெருத்தது, விமானத்தின் வயிறோ தாழ்ந்தது. அடியில் தள்ளிக்கொண்டு போக இடமில்லை. அதனால் தரையில் பள்ளம் வெட்டி, குண்டை அதில் இறக்கி, விமானத்தைப் பின்பக்கமாகப் பள்ளத்துக்கு மேலே நகர்த்தி, குண்டை ஹைட்ராலிக்கில் தூக்கி மாட்டினார்கள். அந்தப் பள்ளத்தின் படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் லாரிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க வெட்டுவார்களே, அந்தச் சாயல். வகையில் 'துயரச் சம்பவம்' என்று போட்டேன். சிவப்பு.

டீம் லீட் திருப்பி அனுப்பினார். மதுரைக்காரர், பக்கத்து வரிசைதான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"தம்பி, குண்டு அங்கேயா விழுந்துச்சு?"

"இல்லண்ணே, ஹிரோஷிமாவுல."

"அப்ப ஹிரோஷிமா பாக்குறவன் சிவப்பு வைக்கட்டும். இங்க பழகினாங்க, அவ்வளவுதான். விமான வரலாறு."

சரிண்ணே என்றேன். ஒரே கிளிக், நீலமாகிவிட்டது.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வழிகாட்டிக் குறிப்பிலேயே 'சம்பவம் நடந்த இடம்' என்றுதான் இருந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட எனோலா கே விமானம் நின்ற கொட்டகையைப் பார்க்கப் பிள்ளைகளோடு காரில் வருகிறவனுக்கு நீலம் போதாதா? பழகிய இடத்துக்கெல்லாம் சிவப்பு என்றால், குண்டைச் செய்த லாஸ் அலமோஸ், புளூட்டோனியம் எடுத்த ஹான்ஃபோர்ட் என்று எங்கே போய் நிறுத்துவது? இதையெல்லாம் அன்றைக்கே யோசித்ததாகச் சொல்ல எனக்கு ஆசைதான். உண்மையில் அன்றைக்கு முடிக்கும் பின்களின் எண்ணிக்கை குறைகிறதே என்றுதான் யோசித்தேன்.

அப்புறம் சில வரிசை தள்ளி டோனர் கூட்டத்தின் கல். 1846-இல் கலிஃபோர்னியாவுக்குக் குறுக்குவழி என்று யாரோ சொன்னதை நம்பி மாட்டுவண்டிகளோடு இந்த உப்புவெளியில் இறங்கியவர்கள். நாற்பது மைல் என்று சொல்லப்பட்டது எண்பது மைலாக இருந்தது. மாடுகள் போயின, வண்டிகள் போயின, நாள்களும் போயின. அந்தத் தாமதத்தால் சியரா நெவாடா பனியில் சிக்கி, 87 பேரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் செத்தார்கள். சிவப்பு வைத்தேன். கேள்வியே வரவில்லை. அதே லீட், அதே இரவு, பாஸ்.

சியரா எங்கே, வெண்டோவர் எங்கே? இங்கே செத்தவை மாடுகள். மனிதர்கள் விழுந்தது நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால். அதற்கு மட்டும் வழி நீண்டு போய்ச் சேர்ந்தது, பள்ளத்துக்குச் சேரவில்லை. இது உறைத்தபோது இரண்டு வாரம் ஆகி, தொகுப்பு டெலிவரி ஆகிவிட்டது. சொல்லியிருக்கலாம். திறந்தால் எல்லோருக்கும் மறுவேலை. அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மறுவேலையைவிட, அவர் மறுபடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவாரே என்பதுதான் பெரிதாக இருந்தது.

போன மாதம் வேறு கம்பெனியில் இருக்கும் அவரை டீக்கடையில் பார்த்தேன். பேச்சுவாக்கில் கேட்டேவிட்டேன். கிளாஸைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கரெக்ட்தான் தம்பி. நான் கவனிக்கல. டோனரையும் நீலமாத்தான் மாத்தியிருக்கணும்."

அப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. டீக்கு அவரே காசு கொடுத்தார்.