மோதாத துகள்களின் சமநிலை: ஒரு நேர்காணல் கேள்வியும் நான் படித்த முறையும்

மதுரையில் முதுகலை இயற்பியல் முடித்த ஆண்டில், முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணல் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். விண்மீன் பேரடைகளின் தோற்றத்தை விருப்பப் பகுதியாகக் குறிப்பிட்டிருந்ததால், கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் பொருள்) துகள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாத நிலையில், பேரடையைச் சூழ்ந்த அவற்றின் திரளான ஹாலோ எவ்வாறு சமநிலை அடைந்தது என்று கேட்டார்கள். (தமிழ் நூல்களில் இதற்கு ஒளிவட்டம் என்ற சொல் உண்டு, ஒளியே இல்லாத ஒன்றுக்கு அது பொருந்தவில்லை என்பதால் ஹாலோ என்றே எழுதுகிறேன்.) இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் இணைக்கும் விரியல் தேற்றத்தைப் பலகையில் எழுதினேன். "சமநிலை வந்தபின் ஆற்றல்கள் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதைத்தான் இது சொல்கிறது, அந்த நிலைக்கு வந்த வழியைச் சொல்லவில்லை" என்றார் ஒரு பேராசிரியர். அந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அதன்பிறகு இந்தப் பகுதியை எண்களிலிருந்து தொடங்கிப் படித்தேன். சூரியன் நம் பேரடையின் மையத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு) தொலைவில், நொடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால், உள்ளே அடங்கிய நிறை சுமார் 9,000 கோடி சூரிய நிறை என்று வரும். வானியலாளர்கள் வெரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் அண்டைப் பேரடையான ஆண்ட்ரோமெடாவில் கண்டதுபோல், வெளியே போகப் போகச் சுழல் வேகம் எதிர்பார்த்தபடி குறையாவிட்டால், நிறை ஆரத்தோடு கூடிக்கொண்டே போக வேண்டும் என்பது இதே கணக்கிலிருந்து தானாகக் கிடைக்கும். இதை ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, மோதல் ஏன் உதவாது என்பதையும் கணக்காகவே பார்த்தேன். பத்தாயிரம் கோடி விண்மீன்கள் கொண்ட தொகுதியில், விண்மீன்கள் இரண்டிரண்டாக நெருங்கிக் கடக்கும் சந்திப்புகளால் மட்டும் வேகங்கள் கலைந்து சீராவதற்கு ஆகும் காலம், பேரண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளைப் போல் சுமார் பத்து லட்சம் மடங்கு. கரும்பொருள் துகள்களின் எண்ணிக்கை இன்னும் மிகப் பெரியதாதலால் அவற்றுக்கு இந்த வழி அறவே அடைபட்டது.

விடையை 1967இல் வானியலாளர் டொனால்ட் லிண்டன்-பெல் தந்தார். தொகுதி தன் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சரியும்போது அதன் ஈர்ப்புப் புலமே வேகமாக மாறுகிறது. மாறும் புலத்தில் ஒரு துகளின் ஆற்றல் மாறாமல் இருக்காது. ஒன்று ஆற்றலைப் பெறும், மற்றொன்று இழக்கும். உசிலம்பட்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பத்தா குதிரைவாலி புடைப்பதைப் பார்த்தபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது. மணிகளைத் தூக்கி எறிவது சுளகின் அசைவு. ஆனால் சுளகு உமியையும் மணியையும் எடையால் பிரிக்கும். மாறும் ஈர்ப்புப் புலமோ கனத்த துகள், இலேசான துகள் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. இந்த வேறுபாட்டைத் தேர்வில் தவறாமல் எழுதுங்கள்.

விரியல் தேற்றம் இதற்குப் பிறகே இடம்பெற வேண்டும். கோள வடிவச் சரிவில், பேரண்டத்தோடு விரிந்துகொண்டிருந்த பகுதியின் விரிவு நின்று உள்நோக்கித் திரும்பும் கணத்தில் இயக்க ஆற்றல் சுழி. மொத்த ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றல். சமநிலையிலோ மொத்த ஆற்றல் நிலை ஆற்றலில் பாதி. மொத்த ஆற்றல் மாறாததால் ஆரம் பாதியாகச் சுருங்குகிறது. பருப்பொருள் மட்டுமே நிறைந்த எளிய பேரண்டத்தில், அந்த ஹாலோவின் அடர்த்தி பேரண்டத்தின் சராசரி அடர்த்தியைப் போல் சுமார் 178 மடங்கு என்பது இந்த வழியில்தான் வருகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் காணும் 200 அதை ஒட்டி எடுத்துக்கொண்ட வசதியான எண். மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் இடம் இதுவே.

நவாரோ, ஃப்ரெங்க், வைட் என்ற ஆய்வாளர் மூவரின் ஹாலோ அடர்த்தி வாய்ப்பாட்டைப் பொறுத்தவரை, அடர்த்தி உள்ளே ஆரத்தின் தலைகீழாகவும், வெளியே ஆரத்தின் மூன்றாம் படியின் தலைகீழாகவும் குறைகிறது என்பதை வரைபடத்தோடு நினைவில் வைத்தால் போதும்.

மறு ஆண்டு வேறொரு நிறுவனத்தில், வாயுவுக்கும் இதே கதைதானா என்று கேட்டார்கள். வாயு மோதிச் சூடேறி, ஒளியாக ஆற்றலை இழந்து, சுழற்சி தாங்கும் வரை மையத்தை நோக்கி இறங்கித் தட்டாகிறது. கரும்பொருளுக்கு ஆற்றலை வெளியேற்றும் அந்த வழி இல்லாததால் அகன்றே நிற்கிறது என்றேன். அப்படியானால் ஹாலோ முழுவதும் சமநிலையில் உள்ளதா என்பது அடுத்த கேள்வி. உள்பகுதி ஏறக்குறைய அவ்வாறே உள்ளது, விளிம்பில் புதிய பொருள் இன்னும் விழுந்துகொண்டிருப்பதால் அங்கே விரியல் சமன்பாட்டை அப்படியே போட முடியாது என்று சொன்னேன். அந்த நிறுவனத்தில்தான் இப்போது படிக்கிறேன்.