பெயர் மட்டும் போதும் என்றாகிவிட்ட சமன்பாடு

இந்திய இயற்பியலாளர் அமல் குமார் ராய்சௌதுரியின் ஆய்வுத் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கப் போனால் கணக்கு உதைக்கும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் பற்றிய கட்டுரைகளில் 'ராய்சௌதுரி சமன்பாட்டின்படி' என்று எழுதிவிட்டு, 1955ஆம் ஆண்டின் மூலக் கட்டுரையைச் சுட்டாமலே அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நியூட்டன் விதிக்கு யார் அடிக்குறிப்பு போடுகிறார்கள்? உண்மையான வீச்சு தெரிய வேண்டுமானால் மேற்கோள் பட்டியலை மூடிவிட்டு, கட்டுரைகளின் முழு உரைக்குள் சமன்பாட்டின் பெயரைத் தேட வேண்டும். சோவியத் இயற்பியலாளர் லாண்டாவின் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. 'குவிதல் தேற்றம்' என்ற பெயரிலும் இதே சமன்பாடுதான் ஒளிந்திருக்கும்.

அவர் பிறந்தது 1923இல், பாரிசாலில். கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சார்பியலைத் தானாகப் படித்து எழுதியதுதான் அந்தக் கட்டுரை. 1953இல் அனுப்பியது, 'பிசிகல் ரிவ்யூ' இதழில் வெளிவர 1955 ஆகிவிட்டது. 1959இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலரும் ஒருவர். 1961 முதல் பிரசிடென்சி கல்லூரி ஆசிரியர். 2005இல் மறைந்தார்.

அன்றைய பிரபஞ்ச மாதிரிகள் பெரும்பாலும், எல்லாத் திசையிலும் எல்லா இடத்திலும் ஒரே சீர் என்ற அனுமானத்தில் நின்றன. தொடக்கத்தில் அடர்த்தி முடிவிலியாவது அந்தச் சீர்மையின் விளைவுதானா, சீர்மையைக் கைவிட்டாலும் வருமா? அவர் கேட்டது இதைத்தான். அழுத்தமில்லாத தூசு போன்ற பொருளை எடுத்துக்கொண்டார். பக்கத்துப் பக்கத்தில் நகரும் துகள் கூட்டத்தின் கன அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்தார். இன்றைய வடிவத்தில் கிடைப்பது இது:

விரிவின் மாற்ற வீதம் = − (விரிவு² ÷ 3) − உருத்திரிபு + சுழற்சி − ஈர்ப்பு.

விரிவு என்பது கூட்டத்தின் கன அளவு பெருகும் வீதம்; உருத்திரிபு, கன அளவு மாறாமல் கூட்டத்தின் வடிவம் நீள்வதும் நசுங்குவதும்; சுழற்சி, கூட்டம் சுற்றுவது. வலப்பக்கத்தில் கூட்டல் குறி சுழற்சிக்கு மட்டும்தான். சுழற்சி இல்லை, ஈர்ப்பு இழுக்கத்தான் செய்கிறது என்றால் மிச்சமெல்லாம் எதிர்மறை. ஒருமுறை கூட்டம் சுருங்கத் தொடங்கிவிட்டால், 3 ÷ (தொடக்கச் சுருக்க வீதம்) என்ற காலத்துக்குள் குவிந்தே தீரும். குவிதல் தேற்றம் சொல்வது இதைத்தான். இதில் எனக்குப் பிடித்தது, இதுவரை ஐன்ஸ்டைன் சமன்பாடே தேவைப்படவில்லை என்பதுதான். இது முழுக்க வடிவியல். ஈர்ப்பு உறுப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்கும்போதுதான் ஐன்ஸ்டைன் உள்ளே வருகிறார்.

நம் பிரபஞ்சத்தில் போட்டுப் பாருங்கள். விரிவு, பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று சொல்லும் ஹபிள் வீதத்தின் 3 மடங்கு. எனவே பின்னோக்கிப் போகும்போது வரம்பு 1 ÷ ஹபிள் வீதம். ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) நொடிக்கு 70 கிலோமீட்டர் என்று வைத்தால் சுமார் 1400 கோடி ஆண்டு. தூசு மட்டும் நிறைந்த தட்டையான மாதிரியில் வயது அதில் மூன்றில் இரண்டு பங்கு, கிட்டத்தட்ட 930 கோடி. பழைய விண்மீன்களின் வயதே அதைவிட அதிகம். ஆக, தூசு மட்டும் போதாது. நிஜப் பிரபஞ்சத்தில் ஈர்ப்பு உறுப்பு குறி மாறுகிறது: விரிவை முடுக்கும் கரும் ஆற்றல் இருந்தால் 'இழுக்கும்' என்ற நிபந்தனையே உடைந்துவிடும். உண்மை வயதான 1380 கோடி வரம்புக்குள் வந்து விழுவது தேற்றத்தின் உத்தரவாதத்தால் அல்ல.

மாணவர்கள் வழுக்கும் இடம் இன்னொன்று: துகள்கள் குவிவது வேறு, கால-வெளியே முறிந்துபோவது வேறு. ஈர்ப்பே இல்லாத வெளியில் துகள்களை ஒரு புள்ளியை நோக்கி எறிந்தாலும் விரிவு எதிர்மறை முடிவிலிக்குப் போகும். அங்கே எதுவும் கெடுவதில்லை. 1965இல் பென்ரோஸும், பின்னர் ஹாக்கிங்கும் சேர்த்தது இந்த இடைவெளியை நிரப்பும், முழுக் கால-வெளியையும் கணக்கில் எடுக்கும் வாதத்தை. பென்ரோஸுக்குத் தேவைப்பட்டது, துகள்களுக்குப் பதில் ஒளிக்கதிர்களுக்கு எழுதிய சமன்பாட்டு வடிவம். அதில் 3 இருக்கும் இடத்தில் 2 வரும், இதை மறந்தால் வரம்பு தப்பாகும். உருத்திரிபு, சுழற்சி உறுப்புகளின் முன் சில நூல்கள் 2 போடும், சில போடாது. வரையறைக்குள் அரை ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுழற்சியையும் லேசாக விடக்கூடாது. கணிதவியலாளர் கோடெலின் 1949 சுழலும் பிரபஞ்ச மாதிரியில் சுழற்சியும் ஈர்ப்பும் சரிக்குச் சரியாக நின்று விரிவைப் பூஜ்யத்திலேயே வைத்திருக்கின்றன. ஒரு பரப்புக்குச் செங்குத்தாகக் கிளம்பும் கூட்டத்தை எடுத்தால் சுழற்சி பிறகும் எழாது. பென்ரோஸ், ஹாக்கிங் தேற்றங்களின் நிரூபணங்கள் அப்படித் தொடங்குவது அதனால்தான்.

கருந்துளையின் பரப்பளவு குறையாது என்ற ஹாக்கிங்கின் 1971 முடிவுக்கும் இதே ஒளிக்கதிர் வடிவம்தான் அடித்தளம். 1995இல் இயற்பியலாளர் டெட் ஜேக்கப்சன் வண்டியைத் திருப்பினார்: பரப்பளவு மாற்றத்தை இந்தச் சமன்பாட்டிலிருந்து எடுத்து, வெப்ப இயக்கவியல் விதியோடு பொருத்தி, ஐன்ஸ்டைன் சமன்பாட்டையே மறுமுனையில் வரவழைத்தார்.