ரேஞ்சர் சைக்கிளும் 40 செல்லும்: எட்டு மாசக் கணக்கு

என் பழைய சைக்கிள்ல மோட்டாரும் பேட்டரியும் மாட்டி ஓட்டிட்டு இருக்கேன். எல்லாரும் கேக்குற மொத கேள்வி ஒன்னே ஒன்னுதாங்க, "ஒரு சார்ஜுக்கு எவ்ளோ ஓடும்ணா?" சிக்னல்ல பக்கத்துல நிக்கிற ஸ்கூட்டர்காரர் கேக்குறாரு, ஆபீஸ் வாட்ச்மேன் கேக்குறாரு, பங்க்ல காத்தடிக்கப் போனா அங்க இருக்குற தம்பி டயர விட்டுட்டு பேட்டரி டப்பாவத்தான் பாக்குறான். மொத ரெண்டு மாசம் நெஞ்ச நிமித்தி 28 கிலோமீட்டர்னு சொன்னேன். அப்புறம் கொஞ்ச நாள் 20, 21னு முனகிட்டு இருந்தேன். இப்பல்லாம் "எங்க போறதுக்கு கேக்குறீங்க"ன்னு திருப்பிக் கேட்டுடறேன்.

சைக்கிள் பழைய ரேஞ்சர், காலேஜ் படிக்கறப்ப ஓட்டுனது, பத்து வருஷமா மாடிப்படிக்கு கீழ துருப்புடிச்சுக் கெடந்துச்சு. பேருலயே ரேஞ்ச் இருக்கு, வண்டியிலதான் இல்லன்னு வீட்டுல ஒரு ஜோக் ஓடிட்டு இருக்கு, போகட்டும். கிட்டு வந்து 36 வோல்ட் 250 வாட் ஹப் மோட்டார், பின் சக்கரத்துலயே வர்றது. 250 வாட்டுக்கு மேல போகக்கூடாது, 25 கிலோமீட்டர் வேகத்தத் தாண்டக்கூடாது, அந்த வரம்புக்குள்ள இருந்தா லைசென்ஸும் வேணாம் ரிஜிஸ்ட்ரேஷனும் வேணாம், நமக்கும் அது போதும்னு எடுத்தேன். கிட்டு ஒம்பதாயிரம் சொச்சம். பேட்டரி ரெடிமேடா வாங்காம 18650னு சொல்ற உருளை லித்தியம் செல்லா 40 வாங்கி, லேப்டாப் பேட்டரி சரி பண்ற தெரிஞ்ச பையன் ஒருத்தன்கிட்ட ஸ்பாட் வெல்டு அடிச்சு வாங்கிட்டேன். நாலு நாலு செல்லா பேரலல்ல சேத்து ஒரு குரூப்பு, அந்த மாதிரி பத்து குரூப்ப சீரிஸ்ல. ஒரு செல் 2.6 ஆம்பியர் அவர், நாலு சேந்தா 10.4, மொத்தம் ஒரு 370 வாட் அவர், அதுதான் பேட்டரிக்குள்ள அடங்குற மொத்த சக்தி. ஃபுல் சார்ஜ்ல 42 வோல்ட், 31 கிட்ட வந்தா பிஎம்எஸ், அதாவது பேட்டரிய பாத்துக்குற சர்க்யூட்டு, கட் பண்ணிடும்.

மாட்டுறது ஒரு ஞாயித்துக்கிழம வேலைன்னு நெனச்சேன், மூணு ஞாயிறு ஆச்சு. மோட்டார் ஆக்ஸில் பின் ஃபோர்க்குல, அதாவது சக்கரத்த ரெண்டு பக்கமும் புடிச்சிருக்குற கம்பில, நுழையல, அத விரிக்கணும். மிதிச்சா மோட்டார ஓடவைக்கிற பெடல் சென்சார் வளையத்த மாட்ட பெடல் தண்ட, அதாவது கிராங்க, கழட்டணும், கிராங்க கழட்ட அதப் புடிச்சிருக்குற காட்டர் பின்ன தட்டணும், அந்தப் பின்னு பத்து வருஷத் துருவோட இரும்போட இரும்பா ஐக்கியமாயிருந்துச்சு. கடைசியில எங்க சேலம் அஸ்தம்பட்டி பக்கம் இருக்குற சைக்கிள் கடை பெரியவர்தான் மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு ராத்திரி ஊறப்போட்டு காலைல ஒரே அடியில எடுத்தாரு. எடுத்துட்டு மோட்டார தூக்கிப் பாத்துட்டு சொன்னாரு, "தம்பி, இத்தன வருஷமா சக்கரத்தோட எடைய கொறக்கப் பாத்தோம், நீ மூணு கிலோவ நடுவுல கட்டியாந்துருக்க."

ஒரு விஷயம் மட்டும் கிட்டுல வந்தத நம்பல. மோட்டார் முறுக்குற வேகத்துல ஆக்ஸில் ஃபோர்க்குக்குள்ள சுத்திட்டா ஒயரெல்லாம் பிச்சுக்கிட்டு வந்துடும், அதுக்கு ஒரு பட்டை மாட்டணும், டார்க் ஆர்ம்னு பேரு. கூட வந்தது தகரம் மாதிரி இருந்துச்சு, லேத்துல குடுத்து 6 எம்எம் பிளேட்ல வெட்டி வாங்கிட்டேன். இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

டெய்லி ரூட்டு கன்னங்குறிச்சில கெளம்பி அஸ்தம்பட்டி, சாரதா காலேஜ் ரோடு, அஞ்சு ரோடு, அங்கருந்து சூரமங்கலம். ஒரு வழி 9 கிலோமீட்டர் சொச்சம், போக வர 18, 19. பெடல் மிதிச்சுக்கிட்டே போனா கிலோமீட்டருக்கு 11, 12 வாட் அவர் எடுக்குது, கால ஆட்டாம கையால அமுக்குற வெறும் த்ராட்டில்ல போனா 16, 17. ஒரு 600 ரூவாய்க்கு வாட்மீட்டர் வாங்கி ஹேண்டில்ல மாட்டுன பிறகுதான் இதெல்லாம் தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி டிஸ்ப்ளேல வர்ற அஞ்சு கட்டத்த நம்பிட்டு இருந்தேன். அந்தக் கட்டம் சுத்தப் பொய்யிங்க. சமமான ரோட்ல மூணு கட்டம் காட்டும், ஒரு சின்ன மேடு வந்து மோட்டார் 14 ஆம்பியர் இழுத்தா வோல்டேஜ் சட்டுனு ரெண்டு மூணு எறங்கும், ஒரே கட்டம் நிக்கும், மேடு முடிஞ்சா மறுபடி மூணு. வண்டிய நிறுத்தி ஒரு நிமிஷம் கழிச்சு வோல்டேஜ பாக்கணும், அதுதான் நெஜமான நிலவரம். எனக்கு இப்ப 37ன்னா பாதி இருக்குன்னு அர்த்தம், 35ன்னா வீட்டு நெனப்பு வரணும், 33ன்னா பெடல்தான்.

டயர் காத்து பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு வாரம் காத்தடிக்காம ஓட்டுனா எனக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் அடிவாங்குது, பேட்டரிக்கு ஆயிரக்கணக்குல செலவழிச்சுட்டு அஞ்சு ரூவா காத்துக்கு சோம்பேறித்தனம் பட்டுட்டு இருந்துருக்கேன்.

மார்ச் கடைசியில ஆச வந்துருச்சு. வீட்டு மொட்டமாடில நின்னா ஏற்காடு மலதான் தெரியும், காலைல எந்திரிச்சா அதுதான் மூஞ்சில முழிக்குது, எத்தன நாளுதான் சும்மா பாக்குறது. அடிவாரம் வீட்லருந்து ஆறு கிலோமீட்டர்தான். கெளம்புறதுக்கு மொத நாள் பேப்பர்ல ஒரு கணக்கு போட்டேன். நானும் வண்டியும் பையும் சேந்து 105 கிலோ, ஏறவேண்டிய உயரம் தோராயமா 1,100 மீட்டர். தூக்குறதுக்கு மட்டுமே 314 வாட் அவர் ஆகுது. இதுல மோட்டார்ல சூடா போறது, டயர்ல போறது எதுவும் சேக்கல. என்கிட்ட இருக்குறது 370. மோட்டார் 75 சதவீதம்தான் சக்கரத்துக்கு தரும்னு வச்சா 419 வேணும். அதாவது கால் மிதிக்காம ஏறவே முடியாது, இத பேப்பர்லயே பாத்துட்டேன், பாத்துட்டும் மிதிச்சுக்கலாம்னு கெளம்புனதுதான் கொழுப்பு.

அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி மொத நாலு வளைவு ராஜா மாதிரி போனேன். ரேஞ்சர்ல கியரு கெடையாது, மேட்ல வேகம் 9, 10க்கு வந்துட்டா பெடல் கல்லு மாதிரி ஆயிடுது, நின்னு மிதிச்சா முட்டி வலிக்குது, அப்ப மனுஷன் என்ன பண்ணுவான், த்ராட்டில அமுக்குவான். மோட்டாருக்கும் அதே கததான், அது சக்கரத்தோடயே சுத்துற சாமான், சக்கரம் மெதுவா சுத்துனா அதுவும் மெதுவாத்தான் சுத்தணும், உள்ள போற கரண்ட்ல பாதி சூடாவே போயிடுது. ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது இஸ்திரிப் பொட்டி வாசன. நிறுத்தி ஹப்புல தண்ணி ஒரு சொட்டு விட்டேன், சொய்ங்னு போச்சு. உள்ள இருக்குற பல்சக்கரம் நைலான், இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா உருகி களி ஆயிருக்கும். வாட்மீட்டர் பாத்தா 230 வாட் அவர் காலி, மலயில பாதி கூட வரல. சுவத்து மேல ஒரு குரங்கு குடும்பம் ஒக்காந்து என்னையே பாத்துட்டு இருந்துச்சு, பிஸ்கட்ட அதுங்ககிட்ட பறிகுடுத்துட்டு திரும்பிட்டேன்.

எறங்குறது அதவிட மோசம். எறக்கத்துல பேட்டரி சார்ஜ் ஏறும்லன்னு நெறைய பேரு கேப்பாங்க, என் மோட்டார் உள்ள கிளட்ச் வச்ச கியர் மோட்டார், எறக்கத்துல அது பாட்டுக்கு ஃப்ரீயா சுத்தும், ஒரு பைசா சார்ஜ் வராது, பிரேக்கும் புடிக்காது. 105 கிலோவையும் ரெண்டு ஜோடி ரப்பர் கட்டைதான் புடிச்சாகணும். மூணு வளைவுக்கு ஒருக்கா நிறுத்தி ரிம்ம ஆறவிட்டு வந்தேன், கை ரெண்டும் வீட்டுக்கு வந்து டம்ளர் புடிக்க முடியல.

அதுக்கப்புறம்தான் டெய்லி ரேஞ்ச் விழ ஆரம்பிச்சுது. 28 போய்ட்டு இருந்தது ஏப்ரல்ல 21ல நின்னுச்சு. மொதல்ல வெயில்னு நெனச்சேன், சேலத்து சித்திர வெயில் தெரியும்ல, ஆபீஸ் ஷெட்டுல கறுப்பு ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள பேட்டரி வெந்துட்டு கெடக்கும். மல ஏறுனதுல எல்லா செல்லும் செத்துருச்சோன்னு ஒரு பக்கம் பயம். ஃபுல் சார்ஜ் பண்ணி மல்டிமீட்டர்ல ஒவ்வொரு குரூப்பா பாத்தேன், எல்லாம் 4.2 பக்கத்துல ஒழுங்கா நின்னுச்சு. அங்கதான் ஏமாந்தேன், ஒரு மாசம் போச்சு.

ஜூன்ல ஒருநாள் குரங்குச்சாவடி பக்கம் பேட்டரி கட் ஆகி உருட்டிட்டு வந்த கடுப்புல, காலியா இருக்கும்போதே டப்பாவ தொறந்து பாத்தேன். ஒவ்வொரு குரூப்புலருந்தும் வர்ற பேலன்ஸ் கனெக்டர்ல பதினோரு ஒயரு, பக்கத்து பக்கத்து ஒயரா வச்சு பாத்துட்டே போனா 3.51, 3.52, 3.51, எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி, ஏழாவது வந்ததும் 3.08. அதுதான் கள்ளன். ஃபுல்லா இருக்கும்போது எல்லாரும் நல்லவங்கதான், காலியாகும்போதுதான் குட்டு ஒடையுது. பிளாஸ்டிக் ஸ்பூனால நிக்கல் பட்டைய நெம்பிப் பாத்தா ஒரு செல்லு மேல பட்டை அப்படியே தூக்குது, வெல்டு விட்டுருக்கு. அந்த ஒரு செல்லு மட்டும் தனியா 3.9 வோல்ட்ல நோகாம ஒக்காந்துருக்கு, மத்த மூணும் நாலு பேரு வேலைய பாத்துட்டு இருந்துருக்குங்க. நாலுல மூணுன்னா 10.4 இருந்தது 7.8. சீரிஸ்ல ஒரு குரூப்பு காலியானா பிஎம்எஸ் மொத்தத்தையும் நிறுத்திடும், மீதி ஒம்பது குரூப்புல கரண்ட் இருந்தும் புண்ணியமில்ல. 28ல முக்கால்வாசி எவ்வளவு? 21. கணக்கு கண்ணாடி மாதிரி முன்னாடியே இருந்துச்சு, எனக்குத்தான் தோணல.

வெல்டு அடிச்ச பையன் மேல தப்பு இல்ல, பேட்டரிய கேரியர் மேல வெறும் டப்பாக்குள்ள போட்டு, அடியில ஒரு ஸ்பாஞ்சு கூட வைக்காம பள்ளத்துலயும் ஸ்பீடு பிரேக்கர்லயும் குதிக்க விட்டது நாந்தான். இன்னொன்னு, தொங்குற செல்ல அப்படியே திருப்பி ஒட்டிடக்கூடாது. 3.9 ஒரு பக்கம், 3.08 ஒரு பக்கம், சேத்தா ஒன்னுலருந்து ஒன்னுக்கு கரண்ட் பாய்ஞ்சுடும். டிபி 4056னு முப்பது ரூவாய்க்கு ஒரு சின்ன போர்டு கெடைக்கும், அத வச்சு அந்த மூணு செல்லையும் பொறுமையா 3.9 வரைக்கும் ஏத்தி, ரெண்டும் ஒன்னான பிறகுதான் வெல்டு அடிச்சோம். ஏழு எட்டு மணி நேரம் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். மத்த குரூப்பெல்லாம் பிஎம்எஸ் அதுக்கப்புறம் மெதுவா சமமாக்கிருச்சு. இப்ப பேட்டரி கேரியர்ல இல்ல, ஃப்ரேம் நடு முக்கோணத்துல, சுத்தி யோகா பாய வெட்டி சுருட்டி வச்சிருக்கேன்.

சார்ஜ் போடறது வாசத் திண்ணையில, சிமெண்டுத் தர மேல. ஹால்ல வச்சேன் மொதல்ல, "கண்ணு, இது வெடிக்குமா"ன்னு அம்மா கேட்டாங்க. வெடிக்காதும்மான்னு சொல்ல வாய் வரல, ஏன்னா சார்ஜிங் தப்பானா லித்தியம் தீப்புடிக்கும்ங்கறது நெசந்தான். அதனால திண்ணை, முழிச்சிருக்கும்போது மட்டும், ஓட்டிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ராத்திரி கெடையவே கெடையாது. டெய்லி ஓட்டத்துக்கு 41 வோல்ட்லயே புடுங்கிடறேன், செல்லு ரொம்ப நாள் வரும். மாசத்துக்கு ரெண்டு தடவ மட்டும் ஃபுல்லு, பேலன்ஸ் ஆகறதுக்கு.

ஆகஸ்ட்ல ரெண்டாவது தடவ மல. இந்தத் தடவ அஸ்தம்பட்டி பெரியவர் பின் சக்கரத்துல செயின் ஓடுற 18 பல்லு ஃப்ரீவீல கழட்டிட்டு 22 பல்லு போட்டுக் குடுத்தாரு, சமதளத்துல காலு காத்துல சுத்துற மாதிரி இருக்கு, ஆனா மேட்ல மிதிக்க முடியுது. த்ராட்டில் ஒயர கழட்டி பைக்குள்ள போட்டுட்டேன், இருந்தா கை போயிடும். விடிகாலை அஞ்சரைக்கு கெளம்பி, அஞ்சு வளைவுக்கு ஒருக்கா பத்து நிமிஷம் நிறுத்தி, ஹப்ப தொட்டுப் பாத்து, கை வைக்க முடிஞ்சாதான் அடுத்தது. ஒம்பதாவது வளைவுல 140 வாட் அவர்தான் ஆயிருந்துச்சு, போன தடவ 230. மிச்ச 90ம் என் தொட குடுத்தது, சாயங்காலம் தெரிஞ்சுது. இருபதாவது வளைவுல 34.6 வோல்ட். மேல குளுந்த காத்து, மழை தூறல், ஒண்டிக்கடை பக்கம் போய் நிறுத்தும்போது மணி ஒம்பதே கால்.

டீக்கடையில ஒக்காந்துட்டு, "அக்கா, ஒரு சார்ஜ் போட்டுக்கலாங்களா"ன்னு கேட்டேன். "போனுக்குத்தான, அந்த பிளக்குல போட்டுக்க தம்பி"ன்னாங்க. பையிலருந்து செங்கல் சைஸு சார்ஜர எடுத்தேன். அக்கா டீ ஆத்தறத நிறுத்திட்டு அதப் பாத்தாங்க, வெளிய சைக்கிளப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. "கீழருந்து மெதிச்சா வந்த?" ஆமாங்க்கா, பாதி மெதிச்சு பாதி கரண்டுல. "பஸ்ஸு ஓடுதே தம்பி."

ரெண்டு டீ, ஒரு தட்டு பஜ்ஜி, ஒரு மணி நேரம் சார்ஜு. கரண்டுக்குன்னு இருவது ரூவா நீட்டுனேன், வாங்கல. எறக்கத்துக்கு பேட்டரி வேணாம்தான், அடிவாரத்துலருந்து வீடு ஆறு கிலோமீட்டர் இருக்குல்ல, அதுக்குத்தான். பிரேக் கட்டை பின்னாடி முழுசா தேஞ்சு இரும்பு தெரியுது, நாளைக்கு சைக்கிள் கடைக்கு போகணும், அப்படியே முன்னாடி டிஸ்க் பிரேக் ஃபோர்க் மாட்ட எவ்வளவு ஆகும்னும் கேட்டுட்டு வரணும்.