கல்விக்கடன் அடைச்சாச்சு, பத்திரம் கைக்கு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு

இஎம்ஐ கட்டுன வருஷமெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல, சம்பளம் கணக்குல ஏறினதும் தானா கழிஞ்சிரும். மிச்சத்தை மொத்தமா கட்டி க்ளோஸ் பண்ணலாம்னு போனேன் பாருங்க, அப்பதான் ஆரம்பிச்சுது. நான் வாங்குனது ஏழரை லட்சத்துக்கு மேல, அரசு வங்கியா இருந்தாலும் அதுக்கு அடமானம் வேணும்னு அப்பா பேர்ல இருந்த வீட்டுப் பத்திரத்தை வாங்கி வச்சிருந்தாங்க.

முதல்ல இந்த க்ளோஷர் தொகை. எவ்வளவு கட்டணும்னு எழுதிக் கேட்டதுக்கு கவுண்டர்ல இருந்தவர் தலையைக்கூட தூக்கல, "ஆப்ல பேலன்ஸ் காட்டுமே சார், அதைக் கட்டிருங்க"ன்னாரு. கட்டினேன். மாசக் கடைசியில வட்டின்னு ஒரு சில்லறைத் தொகை வந்து விழுந்து செத்த அக்கவுண்ட் திரும்ப எந்திரிச்சு உக்காந்திருச்சு. ஆப்ல காட்டுற தொகையில, கடைசியா வட்டி போட்ட தேதிக்கு அப்புறம் ஓடுன வட்டி சேராதாம், இதை அவரு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். கட்டுற தேதி வரைக்கும் கணக்குப் போட்டு எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, விடாதீங்க.

கடன் பாக்கி இல்லன்னு பேங்க் குடுக்குற என்ஓசி வந்துருச்சு. பத்திரம் வரல. "இங்க இல்ல, வேற ஆபீஸ்ல பத்திரமா இருக்கு, வந்ததும் கூப்பிடுறோம்." யாரும் கூப்பிடல. நேர்ல போனா அந்த ஆபீசர் டிரான்ஸ்ஃபர்ல போயாச்சு, புதுசா வந்தவரு நான் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுதுங்குறாரு, சரி அதுக்கு நான் என்ன பண்றது?

அப்புறம்தான் ரிசர்வ் வங்கியோட 2023 செப்டம்பர் 13 சுற்றறிக்கை கண்ணுல பட்டுச்சு. கடனை முழுசா அடைச்ச 30 நாளுக்குள்ள அசல் பத்திரத்தைக் குடுத்தாகணும், தாமதம் அவங்க பக்கம்னா நாளுக்கு 5,000 ரூபா நமக்குத் தரணும். 2023 டிசம்பர் 1ல இருந்து நடைமுறையில இருக்கு. தேதி, தொகை எல்லாம் போட்டு லெட்டர் எழுதிக் குடுத்தேன், காப்பில சீல் போட்டுத் தர மாட்டேன்னு அடம், மேனேஜர் லீவாம். இருக்குறவரு கையெழுத்துப் போடுங்கன்னு அங்கயே உக்காந்துட்டேன், கடைசியில சீல் விழுந்துச்சு. அதுக்கப்புறம் பாருங்க, அவங்களே போன் பண்ணி "அப்பாவைக் கூட்டிட்டு வாங்க சார்"னு அவ்வளவு மரியாதை.

போனா கட்டுல தாய்ப்பத்திரம் (சொத்து முன்னாடி யார்கிட்ட இருந்துச்சுன்னு காட்டுற பழைய பத்திரம்) இல்ல. பட்டா இருக்கு, வீட்டு வரி ரசீது இருக்கு, கிரயப் பத்திரம் இருக்கு, அது மட்டும் இல்ல. "எங்க ரெக்கார்டுல அப்படி எதுவும் இல்லையே"ன்னு சொல்லி முடிக்கல, அப்பா மஞ்சப்பையில இருந்து லோன் வாங்குனப்ப குடுத்த டாக்குமெண்ட் லிஸ்ட்டை எடுத்து டேபிள்ல வச்சாரு, பேங்க் சீலோட, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு டேப் ஒட்டிருந்துச்சு. ஆபீசர் உள்ள போயி இன்னொரு கவரோட வந்தாரு. நிஜமாவே தொலைஞ்சிருந்தா நகல் வாங்குற செலவும் பேங்க் தலையிலதான், அதுவும் அந்த சுற்றறிக்கையிலயே இருக்கு. லிஸ்ட் பிரகாரம் ஒவ்வொண்ணா டிக் பண்ணாம வாங்குன ரசீதுல கையெழுத்துப் போட்டுறாதீங்க.

பத்திரம் வந்தாலும் வில்லங்கச் சான்றுல அடமானப் பதிவு அப்படியே நிக்கும். எம்ஓடி, அதாவது பத்திரத்தை பேங்க்ல அடமானமா வச்சதுக்கான ஆவணம், பதிவு பண்ணி வச்சிருந்தா சார்பதிவாளர் ஆபீஸ்ல கடன் தீர்ந்ததுக்கான ரசீது பதிவு பண்ணித்தான் அதை நீக்கணும், பேங்க் ஆள் வந்து கையெழுத்துப் போடணும், அதுக்குத் தேதி வாங்காம கிளைய விட்டு வெளிய வராதீங்க, அப்புறம் ஆளைப் பிடிக்கிறது பெரும்பாடு.

பழைய வருமான வரி முறையில இருக்குறவங்க கல்விக்கடன் வட்டிக் கழிவு கேக்க அந்த வருஷத்து வட்டிச் சான்றிதழையும் கையோட கேட்டு வாங்கிருங்க, வட்டிக்கு மட்டும்தான் கழிவு, அசலுக்குக் கிடையாது.

தாமதத்துக்கான நஷ்டஈடு கேட்டா மேலிடத்துக்கு அனுப்பிருக்கோம்ங்குறாங்க. எழுதிக் குடுத்து 30 நாள்ல பதில் வரலன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், சீல் போட்ட காப்பி கையில இருக்கு, புகார் போடத்தான் போறேன்.