கூண்டுப்புழுவை வளர்த்துப் பார்த்தேன்

திருநெல்வேலிப் பக்கத்துப் பாளையங்கால்வாய்ப் பாசன வயல்களில் பிசானப் பருவ நெல் நடவு முடிந்து பயிர் வேர்பிடிக்கும் நாள்களில், நெல்லிலைத் துண்டால் ஆன சிறு குழல்கள் தண்ணீரில் மிதந்து திரியும். ஒவ்வொன்றிலும் ஒரு புழு குடியிருக்கிறது. கூண்டுப்புழு எனப்படும் இது, பாராபாய்ன்க்ஸ் ஸ்டாக்னாலிஸ் என்னும் சிறிய வெள்ளை அந்துப்பூச்சியின் இளம் பருவம்.

வாடைக்காற்று குழல்களை ஒதுக்கும் திசையை எண்ணி, வயலின் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், தேடினேன். வரப்போரம் குவிந்து கிடந்தன. பூச்சிமருந்து தெளிக்காத வயல்தானா என்று வயல்கார அண்ணாச்சியிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே சிலவற்றை எடுத்துவந்து, வயல் சேறும் நாற்றும் இட்ட கண்ணாடித் தொட்டியில் விட்டேன்.

உருப்பெருக்கியின் கீழ் நான் நெடுநேரம் பார்த்தது புழுவின் செவுள்களைத்தான். வெளிறிய பச்சை உடலின் இருபக்கமும் மெல்லிய இழைகள் கொத்துக் கொத்தாக நீண்டிருக்கின்றன. தண்ணீரில் கரைந்துள்ள காற்றை அவற்றால்தான் புழு பெறுகிறது. இலைமேல் ஏறி மேயும்போதும் குழலுக்குள் சிறிது தண்ணீரை வைத்துக்கொண்டே ஏறுவதால், அதன் உடல் காய்வதில்லை. பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்பதால், இலையில் ஏணிப்படிகளைப் போல வெள்ளைக் கோடுகள் எஞ்சுகின்றன. வயலில் தண்ணீரை இரண்டு மூன்று நாள் வடித்துவிட்டால் புழு ஏன் மடிகிறது என்பது, இந்தச் செவுள்களைக் கண்டபின் எனக்குத் தெளிவாக விளங்கியது. வயல் நீரில் மண்ணெண்ணெய் கலந்து, கயிற்றைப் பயிர்மேல் இழுத்துக் குழல்களை அந்த நீரில் உதிர்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால் தவளைக்கும் மீனுக்கும் கேடு செய்யாத வடிப்பு முறையையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

வளர்ந்த புழு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் குழலைப் பட்டிழையால் ஒட்டி, அதற்குள்ளேயே கூட்டுப்புழுப் பருவத்தை அடைந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில், இரவில், பழுப்புப் புள்ளிகள் கொண்ட வெள்ளைச் சிறகுகளோடு அந்துப்பூச்சிகள் வெளிவந்தன. தொட்டியின் மேல் கொசுவலை கட்டியிருந்ததால் அவை விளக்கொளியை நாடிப் பறந்துவிடவில்லை. நீரில் படிந்திருந்த இலைகளின் அடியில் வரிசையாக முட்டைகள் இடப்பட்டிருந்ததை மறுநாள் கண்டபோது பெருமகிழ்ச்சி அடைந்தேன்.

இப்பூச்சி நெல்லை மட்டும் நம்பி வாழ்வதில்லை. நீரோரப் புற்களிலும் வளரக்கூடியது. ஆகவே அறுவடைக்குப் பின், குளத்து நீர் வற்றுவதற்குள், கரையோரப் புற்களில் குழல்களைத் தேடுவதே அடுத்த வேலை.