இலை பார்க்கப் போய் கயிறு பார்த்த கதை

நவம்பரில் அப்பா டோக்கியோவுக்கு வந்திருந்தார். இலையுதிர்காலத்துச் சிவப்பு இலை காட்டுகிறேன் என்று ஆசை காட்டி வரவழைத்தது நான்தான். அதற்கு எல்லோரும் கியோத்தோவுக்குப் போவார்கள். அந்த மாதம் அங்கே இலையைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரியும். எனக்கு அது ஒத்துவராது. ஷின்கான்சென் அதிவேக ரயிலைப் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் கனாசவா. அங்கே கென்ரோகுயென் தோட்டம் இருக்கிறது. மாயேதா வம்சத்துப் பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்து அமைத்தது, 1874-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

நுழைவுக் கட்டணம் 320 யென். 65 வயது தாண்டியவர்களுக்கு இலவசம் என்றதும் அப்பா பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார் பாருங்கள், அன்று முழுக்க அவர் சந்தோஷத்துக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

உள்ளே போனதும் கூட்டம் முழுக்க கசுமிகா குளத்தங்கரையில். அங்கேதான் கோதோஜி கல்விளக்கு இருக்கிறது. இரண்டு கால், ஒன்று தண்ணீருக்குள், குட்டையான இன்னொன்று கரைக் கல்மேல். பக்கத்தில் ஒரு மேப்பிள் மரம். கனாசவா என்று தேடினால் முதலில் வருகிற படமே இதுதான். படம் எடுக்க வரிசை நின்றது. நாங்களும் நின்றோம், எடுத்தோம், நகர்ந்தோம். அழகுதான், ஆனால் பின்னால் ஆள் காத்திருக்கும்போது எதை ரசிப்பது?

அப்பா அதற்குள் எதிர்ப்பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். குளக்கரையில் கராசாகி பைன் மரம். பிவா ஏரிக்கரையின் கராசாகியிலிருந்து விதை கொண்டுவந்து 13-ஆம் பிரபு நாரியாசு வளர்த்தது. கிளைகள் தண்ணீர்மேல் படுத்துக் கிடக்கின்றன. அந்த மரத்துக்கு மேலே ஐந்து கம்பங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் வைக்கோல் கயிறுகள் கூம்பு மாதிரி விரிந்து இறங்கி, கிளை கிளையாகக் கட்டப்பட்டிருந்தன. இந்த ஒரு மரத்துக்கே ஏறக்குறைய 800 கயிறு. யுகிட்சுரி என்பார்கள். பனிப்பொழிவுக்கு முன்னேற்பாடு.

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. அதனால் இந்தப் பக்கம் விழும் பனி, ஊதினால் பறக்கிற ரகம் இல்லை. தண்ணீர் கோத்த கனமான பனி, கிளைமேல் ஒட்டிக்கொண்டு ஒடித்துவிடும். ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று இந்தக் கராசாகி மரத்தில்தான் வேலை தொடங்கும். மற்ற மரங்களை முடிக்க டிசம்பர் நடுப்பகுதி ஆகிவிடும்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, போர்மேனாக ஓய்வு பெற்றவர். "கம்பம் சாயாம ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுற அதே கணக்குதாம்மா. ஆனா இவ்வளவு பொறுமையா நாங்க கட்டினதில்ல" என்றார்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு பைனில் வேலை நடந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கட்டைவிரல் தனியாகப் பிரிந்த ரப்பர் காலணி போட்ட ஒருவர் உச்சியில். அவர் குரல் கொடுத்துவிட்டுக் கயிற்றை வீசுவார். அது பிரிந்துகொண்டே வந்து விழும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து, கிளையில் இடம் பார்த்து, லேசாக இழுத்து, முடிச்சுப் போடுவார். உடனே அடுத்த கயிற்றுக்குப் போகவில்லை. இரண்டடி பின்னால் வந்து பார்த்தார், திரும்பப் போய் அவிழ்த்துக் கட்டினார். கிளையைத் தூக்கிவிடக் கூடாது, தொங்கவும் விடக் கூடாது. புதர்ச் செடிகளுக்கு இத்தனை மெனக்கெடல் இல்லை. கிளைகளைச் சேர்த்து இறுக்கி ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள்.

ஜப்பானில் இலையுதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் (நானும்தான்) உடனே மெல்லிய சோகத்துக்குப் போய்விடுவோம். இங்கே யாருக்கும் அதற்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் இலையைப் பார்க்க வந்திருந்தோம், அவர்கள் ஜனவரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று தூறல். மதிய உணவை மறந்தாலும் குடையை மறக்காதே என்று இந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு, அது பொய்யில்லை. மரத்தின் மேலிருந்தவர் இறங்கவே இல்லை.

வழியில் நீரூற்று. மேலே இருக்கும் கசுமிகா குளத்துக்கும் இதற்கும் உள்ள உயர வித்தியாசத்தில்தான் தண்ணீர் எழும்புகிறது. அப்பா சுற்றிச் சுற்றி வந்து, "மோட்டார் எங்கம்மா வச்சிருக்கான்?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. 1632-இல் வெட்டிய தத்சுமி கால்வாய் வழியாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று அறிவிப்புப் பலகையைப் படித்துச் சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

சிவப்பு இலையா? பார்த்தோம். யமசாகி குன்றுப் பக்கம் மேப்பிள்கள் ஆரஞ்சும் சிவப்புமாக நனைந்து நின்றன, கீழே பாசியெல்லாம் இலை. அப்பா ரெண்டு போட்டோ எடுத்தார். பேருந்தில் கேட்டதெல்லாம் கயிற்றைப் பற்றித்தான். எப்போது அவிழ்ப்பார்கள்? மார்ச் நடுவில், என்றேன்.

"அப்ப டிக்கெட் எவ்வளவு வரும்னு பாரு."